கண் சிமிட்டச் சொல்லும் திரை

அமில வீச்சில் முகமும் கண்களும் சிதைந்த ஒரு பெண் 2023-ஆம் ஆண்டு வங்கிக் கணக்குத் தொடங்கச் சென்றார். இணையவழியில் அடையாளத்தை உறுதிசெய்யும் முறையில், கேமராவின் முன் கண் சிமிட்டிக் காட்ட வேண்டும். எதிரே இருப்பது புகைப்படமல்ல, உயிருள்ள மனிதர்தான் என்பதற்கு அந்தச் சிமிட்டலே சான்று. அவரால் சிமிட்ட இயலவில்லை. ஆகவே, அந்த மென்பொருளின் கணக்கில் அவர் உயிருள்ள மனிதர் அல்லர்.

அவர் தொடுத்த வழக்கும், முழுமையாகப் பார்வை இழந்த மற்றொருவர் தொடுத்த வழக்கும் சேர்த்து விசாரிக்கப்பட்டு, 2025 ஏப்ரல் 30 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. எண்ம வசதிகளை அணுகும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் பிரிக்க இயலாத பகுதி என்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு கூறியது. கண் சிமிட்டலுக்கு மாற்று வழிகள் வேண்டும், புதிய செயலிகளையும் இணையதளங்களையும் அறிமுகப்படுத்துமுன் பார்வை மாற்றுத்திறனாளிகளைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்பன உள்ளிட்ட 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது.

தீர்ப்பை வரவேற்று ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. எனக்கு எழுந்த கேள்வி வேறு. கண் சிமிட்ட வேண்டும் என்ற அந்த நிபந்தனையை எழுதியவர் யார்? கொடியவர் எவரும் அல்லர். பெரும்பாலும் பொறியியலோ கணினி அறிவியலோ படித்து நல்ல மதிப்பெண்ணுடன் வேலைக்கு வந்த, இருபதுகளில் இருக்கும் ஓர் இளைஞராகவோ இளம்பெண்ணாகவோ இருப்பார். சிமிட்ட முடியாத கண் ஒன்று இருக்கக்கூடும் என்பதைப் படித்த நான்கு ஆண்டுகளில் எந்த ஆசிரியரும் அவருக்குச் சொல்லவில்லை. எந்தத் தேர்விலும் அது கேட்கப்படவில்லை. தீர்ப்புகளால் ஒரு வங்கியின் விதியை மாற்ற முடியும். நாள்தோறும் ஆயிரக்கணக்கில் எழுதப்படும் திரைகளை, அவற்றை எழுதப் பழகும் இடத்தில்தான் மாற்ற முடியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்தை அனைவரும் அணுகத்தக்கதாக்க வேண்டும் என்கிறது அதன் 42-ஆவது பிரிவு. மத்திய அரசின் இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-லேயே வந்து, இருமுறை திருத்தப்பட்டுவிட்டன. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் ஐ.எஸ். 17802 என்ற தரநிலையை வெளியிட்டிருக்கிறது. 2024 நவம்பர் 8 அன்று வேறொரு வழக்கில், அணுகல் தரநிலைகளை வெறும் பரிந்துரைகளாக வைத்திருக்கும் விதி சட்டத்துக்கே முரணானது என்று கூறிய உச்சநீதிமன்றம், கட்டாய விதிகளை மூன்று மாதங்களில் வகுக்குமாறு அரசைப் பணித்தது. அந்த வழக்கு தொடுக்கப்பட்ட ஆண்டு 2005 என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அதே 2016 சட்டத்தில் அதிகம் பேசப்படாத பிரிவு ஒன்று உண்டு. ஆசிரியர், மருத்துவர், செவிலியர், பொறியாளர், கட்டடக் கலைஞர் உள்ளிட்டோருக்கான கல்வியில் மாற்றுத்திறன் குறித்த பகுதி ஒன்றைச் சேர்க்க அரசு முயல வேண்டும் என்கிறது 47-ஆவது பிரிவு. பொறியாளர் என்ற சொல் அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களில் அமர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் பிரிவை மேற்கோள் காட்டி எவரும் அங்கே பேசி நான் கேட்டதில்லை.

பொருளியல் படித்தவன் கணினித் திரையைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கலாம். இது பொருளியல் சிக்கலேதான். ஒரு கடையில் தராசு சரியில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். சான்றிதழ், ஓய்வூதியம், உதவித்தொகை, ரயில் முன்பதிவு ஆகியவற்றுக்கு அடுத்த கடை கிடையாது. பிடிக்காதபோது வெளியேறுவது, குரல் எழுப்புவது ஆகிய இரண்டு வழிகளை 1970-இல் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் தம் நூலில் ஆராய்ந்தார். அரசுத் தளத்தில் வெளியேற வழியில்லை. குரல் எழுப்ப வேண்டிய குறைதீர்ப்புப் படிவமோ அதே குறைகளுடன் இருக்கிறது. ஆக, வடிவமைப்பின் குறைக்கு உரிய விலையை வடிவமைத்தவர் செலுத்துவதில்லை, பயன்படுத்துபவர் செலுத்துகிறார். சந்தை தானாகத் திருத்திக்கொள்ளாத நிலை இது.

அந்த விலை எவ்வளவு இருக்கும்? பத்து லட்சம் பேர் நிரப்பும் ஒரு படிவம், ஒவ்வொருவரிடமும் தேவையின்றிப் பத்து நிமிடம் பறிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஒரு கோடி நிமிடங்கள். ஏறத்தாழ 1 லட்சத்து 67 ஆயிரம் மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாள் கணக்கில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனித நாள்கள். எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இந்தச் செலவு பதிவாவதில்லை. படிவத்தை நிரப்பவே முடியாமல் திரும்பியவர்கள் இந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். தானே செய்துகொள்ளலாம் என்று அறிவிக்கப்பட்ட சேவைக்கு, இணைய மையத்தில் பணம் கொடுத்து, ஆதார் எண்ணையும் ஓடிபியையும் முன்பின் தெரியாதவரிடம் ஒப்படைக்கும் முதியவர்களை எல்லா ஊரிலும் காணலாம். எண்ணிலடங்கா இணைய மோசடிகளைப் பற்றி எச்சரிக்கும் அரசு, இந்த ஒப்படைப்பைத் தன் படிவமே உண்டாக்குகிறது என்பதைக் கவனிப்பதில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அறுபது வயது நிறைந்தோர் 10.38 கோடிப் பேர். இன்று இரண்டும் கூடியிருக்கும் என்பதில் ஐயமில்லை. கண்புரை, நடுங்கும் விரல், மந்தமான செவி எல்லாம் சட்டப்படி மாற்றுத்திறன் சான்று பெறாதவை. ஆயினும் திரையின் முன் அவை தடைகளே. என் வயதொத்தவர்கள் கூடும் இடங்களில் பேச்சு பெரும்பாலும் இதில்தான் முடிகிறது. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து, அழகு என்று இருபத்திரண்டு வயதில் தோன்றும். அறுபத்தைந்தில் அது வெற்றுத்தாள்.

இதற்கெல்லாம் புதிதாக ஆராய்ச்சி தேவையில்லை. டிம் பெர்னர்ஸ்-லீ நிறுவிய உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, அணுகல் வழிகாட்டியின் முதல் பதிப்பை 1999-இலும், 2.2 என்னும் பதிப்பை 2023-இலும் வெளியிட்டது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். தவற்றைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாமல் எழுத்திலும் சொல்ல வேண்டும். மவுஸ் இன்றி விசைப்பலகையால் மட்டுமே முழுவதையும் இயக்க முடிய வேண்டும். நேரவரம்பு இருந்தால், இன்றியமையாத சூழல் தவிர, அதை நீட்டிக்க வழி இருக்க வேண்டும். இவ்வாறு அளந்து பார்க்கத்தக்க வரையறைகள் அதில் உள்ளன. எனினும், உலகின் முன்னணிப் பத்து லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களை ஆண்டுதோறும் சோதிக்கும் வெப்எய்ம் என்ற அமெரிக்க அமைப்பு, 2025-இல் 94.8 விழுக்காட்டுப் பக்கங்களில் குறை கண்டது. மிகுதியாகக் கண்ட குறை, மங்கலான எழுத்து. படங்களுக்கு விளக்கம் இல்லாமை, படிவக் கட்டங்களுக்குப் பெயர் இணைக்காமை ஆகியவையும் பட்டியலில் முன்னே நிற்பவை. மூன்றுமே முதலாண்டு மாணவர் ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளக் கூடியவை.

படிவக் கட்டத்துக்குப் பெயர் இணைப்பது என்பது என்ன? திரையில் ‘கைபேசி எண்’ என்ற சொல்லும் அருகே ஒரு கட்டமும் இருக்கின்றன. பார்ப்பவர் இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்கிறார். திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கு அந்தத் தொடர்பு தெரியாது. நிரலில் ஒரு வரி எழுதி இணைத்திருந்தால்தான் தெரியும். அந்த ஒரு வரி இல்லையென்றால், ‘எழுதும் கட்டம்’, ‘எழுதும் கட்டம்’ என்று பதினைந்து முறை ஒலிக்கும். எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது என்று பார்வை இழந்தவர் ஊகிக்க வேண்டியதுதான். அரசு அறிவிப்புகளைத் தாளில் அச்சிட்டு, முத்திரையிட்டு, மீண்டும் படமாக வருடி இணையத்தில் ஏற்றும் நம் அலுவலக வழக்கமும் இதே விளைவைத் தருகிறது. அந்த மென்பொருளுக்கு அது எழுத்தில்லாத ஒரு படம். பழைய, ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களில் அமைந்த தமிழ்ப் பக்கங்களோ பொருளற்ற ஒலிகளாக வெளிவரும். ஒருங்குறியைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது.

பெயர்க் கட்டத்தைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். முதற்பெயர், கடைப்பெயர் என்று இரு கட்டங்கள். இரண்டும் கட்டாயம் என்று நட்சத்திரக் குறி. தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்து உண்டு, சிலருக்கு ஊரின் முதலெழுத்தும் உண்டு. ஒருவர் கடைப்பெயர்க் கட்டத்தில் தந்தை பெயரை எழுதுகிறார். மற்றொருவர் தலைப்பெழுத்தை எழுதுகிறார். அதை ஏற்காத தளத்தில் தம் பெயரையே இரண்டாம் முறையும் எழுதுகிறார். பிறகு ஆதாரில் ஒரு பெயர், வருமானவரி அட்டையில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர். ‘பெயர் பொருந்தவில்லை’ என்ற அறிவிப்பு வருகிறது. வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நோட்டரியிடமும் அலைச்சல் தொடங்குகிறது. இதற்கு உடற்குறை எதுவும் காரணமில்லை. மேலை நாட்டுப் பெயர்முறையை மனத்தில் கொண்டு எழுதிய படிவத்தை அப்படியே நகலெடுத்ததுதான் காரணம். நகலெடுத்தவரில் பலர் இதே தலைப்பெழுத்துத் தமிழர்கள் என்பது வேடிக்கை. ‘முழுப் பெயர்’ என்று ஒரே கட்டம் வைத்தால் தீர்ந்தது.

நம் கல்லூரிகளில் இது எவ்வாறு கற்பிக்கப்படுகிறது? பயனர் இடைமுக வடிவமைப்பு என்பது பல இடங்களில் விருப்பப் பாடம். ஐந்தாம், ஆறாம் பருவத்தில் விரும்பியவர் எடுக்கலாம். அதற்குள் நிரலெழுதும் பழக்கம் கெட்டிப்பட்டுவிடும். கட்டாயச் செய்முறைத் தேர்வுகளில், ஆசிரியரின் கணினியில் நிரல் ஓடினால் முழு மதிப்பெண். யாருக்காக ஓட வேண்டும் என்ற கேள்விக்கு மதிப்பெண் இல்லை. மும்பை ஐஐடியின் வடிவமைப்புப் பள்ளியும் அகமதாபாதின் தேசிய வடிவமைப்பு நிறுவனமும் அறுபதுகளிலிருந்தே உயர்ந்த பணி செய்கின்றன. அங்கிருந்து வெளிவருவோர் சிலரே. நாட்டின் பெரும்பாலான திரைகளை எழுதுபவர்கள் இணைப்புக் கல்லூரிகளில் பொறியியலும் பிசிஏவும் பிஎஸ்சியும் படித்தவர்கள்.

ஆகவே, புதிய பாடம் ஒன்றைச் சேர்ப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. பாடத்திட்டம் ஏற்கெனவே பிதுங்குகிறது. சுற்றுச்சூழல் கல்வியைத் தனித்தாளாக்கி, அதை எல்லாரும் மனப்பாடம் செய்து மறந்த வரலாறும் நம்மிடம் உண்டு. முதல் இணையப் பக்கத்தை மாணவர் உருவாக்கும் அதே வாரத்தில், கட்டத்துக்குப் பெயர் இணைக்கும் அந்த ஒரு வரியையும் கற்பிக்க வேண்டும். அது சிறப்புத் திறன் என்று தோன்றாமல், வாக்கியத்தின் முடிவில் முற்றுப்புள்ளி இடுவதுபோல் பழக வேண்டும். செய்முறைத் தேர்வில் மவுஸைக் கழற்றிவிட்டு, விசைப்பலகையால் மட்டும் படிவத்தை நிரப்பிக் காட்டச் சொல்லலாம். பக்கத்தை இருமடங்காகப் பெரிதாக்கி, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றனவா என்று பார்க்கலாம். திரையை அணைத்துவிட்டு என்விடிஏ மென்பொருளை ஓடவிட்டுக் கேட்கலாம். பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் இருவர் உருவாக்கி இலவசமாக வழங்கிவரும் மென்பொருள் அது. எந்தக் கல்லூரி ஆய்வகத்துக்கும் கூடுதல் செலவு இல்லை.

மாணவர்களின் கண்ணைக் கட்டிவிட்டு, பார்வையற்றவரின் துயரை உணரச் செய்யும் பயிற்சிகளைச் சில கல்லூரிகள் ஆர்வத்துடன் நடத்துகின்றன. அதில் எனக்கு உடன்பாடில்லை. அரைமணி நேரம் கண்கட்டியவர் உணர்வது, பழக்கமில்லாதவரின் தடுமாற்றத்தை மட்டுமே. தேர்ந்த ஒருவர், அந்த மென்பொருளின் குரலை நம் காதுக்குப் பிடிபடாத வேகத்தில் கேட்டு, விரைந்து வேலை முடிப்பார். அவர் எங்கே தடைப்படுகிறார் என்பது அவர் அருகில் அமர்ந்து பார்த்தால்தான் தெரியும். பரிதாபம் மேலிட்ட மாணவரைவிட, பக்கத்தில் அமர்ந்து குறிப்பெடுத்த மாணவர் நல்ல நிரல் எழுதுவார்.

இந்தப் பார்த்துக் கற்றல் எங்கள் துறைக்குப் புதிதன்று. கிராமப் பொருளாதார ஆய்வுக்கு மாணவர்களை அனுப்புமுன் வினாப்பட்டியலைச் சிலரிடம் முன்சோதனை செய்வது வழக்கம். ‘உங்கள் மாத வருமானம் எவ்வளவு?’ என்று வகுப்பறையில் எழுதிய கேள்வி, விவசாயக் கூலித் தொழிலாளியின் வாசலில் பொருளற்றுப்போகும். அவருக்கு மாதம் என்ற கணக்கே இல்லை. நடவுக்கு இத்தனை நாள், அறுப்புக்கு இத்தனை நாள், இடையில் வேலையில்லா நாள்கள். மாணவர்கள் திரும்பிவந்து கேள்வியை மாற்றி எழுதுவார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை என்று அந்தத் தொழிலாளியைக் குறை சொன்ன மாணவர் எவரும் ஆய்வில் தேறியதில்லை. கணினித் திரையும் ஒரு வினாப்பட்டியல்தான். அதை நிரப்ப முடியாதவரை நாம் எண்மக் கல்வியறிவற்றவர் என்கிறோம்.

ஒரு வடிவமைப்பை ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்பது ஜேக்கப் நீல்சன் இத்துறையில் முன்வைத்த புகழ்பெற்ற கருத்து. ஐந்து என்ற எண்ணைப் பற்றி விவாதங்கள் உண்டு. ஒருவரிடமும் சோதிக்காத நாட்டில் அந்த விவாதம் இப்போதைக்கு வேண்டாம். உணவகப் பணியாளர், விடுதிக் காவலர், மாணவரின் பாட்டி என்று ஐந்து பேரிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டு மாணவர் வாய்மூடி இருக்க வேண்டும். இதுதான் மிகவும் கடினம். ‘கீழே பாருங்கள், வலப்பக்கம் இருக்கிறது’ என்று நாக்கு துடிக்கும். அவ்வாறு சொல்ல நேர்ந்த ஒவ்வோர் இடமும் திருத்த வேண்டிய இடம்.

தமிழ்த் துறையினருக்கும் இதில் பங்குண்டு. ‘ஹோம்’ என்பதற்கு ‘வீடு’ என்று இயந்திரம் மொழிபெயர்த்த பொத்தானைப் பார்த்துவிட்டு, ஆங்கிலமே தேவலை என்று திரும்பும் வாசகர்கள் உண்டு. ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் நீண்ட தமிழ்ச் சொல் பாதியில் வெட்டுப்படுவதும் கண்கூடு. பொத்தானில் என்ன சொல் இருந்தால் பாட்டிக்கு விளங்கும் என்பது முதுகலைத் தமிழ் மாணவருக்குத் தகுந்த ஆய்வுப் பொருள், வேலைவாய்ப்பும்கூட.

செயற்கை நுண்ணறிவு இனி நிரலை எழுதிவிடும். இதையெல்லாம் கற்பிப்பது வீண் என்ற வாதத்தை அண்மையில் அடிக்கடி கேட்கிறேன். அந்த நுண்ணறிவு கற்றது எந்தப் பக்கங்களிலிருந்து? குறையுள்ள அந்த 94.8 விழுக்காடும் அதன் பள்ளிக்கூடத்தில் அடக்கம். கேட்கத் தெரிந்தவர் கேட்டால் அது சரியாகவும் எழுதுகிறது; கேட்கத் தெரிய வேண்டுமே. எந்த இணையதளத்தையும் தன் செயற்கை நுண்ணறிவுக் கருவி அணுகத்தக்கதாக்கிவிடும் என்று விளம்பரம் செய்த நிறுவனம் ஒன்று, 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025-இல் உத்தரவிட்டது.

வேலை தரும் நிறுவனங்கள் இதைக் கேட்பதில்லையே, மாணவர் ஏன் கற்க வேண்டும் என்பது வலுவான ஆட்சேபம். நேர்காணலில் கண்ணுக்குத் தெரியாத தரத்துக்குச் சந்தை விலை தராது. பழைய கார்ச் சந்தையை வைத்து ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் விளக்கியது இதைத்தான். மதிப்பெண் பட்டியலில் தெரியும்படி செய்தால் அந்தத் தரத்துக்கு விலை வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அங்குள்ளவர்களுக்கு மென்பொருள் எழுதும் சென்னை, கோவை நிறுவனங்கள் விரைவிலேயே இத்திறனைத் தேடும். அரசும் தன் ஒப்பந்தப்புள்ளிகளில் இதை நிபந்தனையாக்கினால் தேடல் இன்னும் விரையும்.

ஆசிரியர்கள் எங்கே என்று கேட்கலாம். சென்னை மாநிலக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் பார்வை மாற்றுத்திறன் கொண்ட மாணவர்கள் பலர் தமிழ், ஆங்கிலம், வரலாறு படிக்கிறார்கள். கைபேசியிலும் கணினியிலும் தேர்ந்தவர்கள் அவர்களில் ஏராளம். பட்டம் பெற்ற பின் போட்டித் தேர்வு எழுதிக் காத்திருப்பவர்களும் நிறையப் பேர். கணினி அறிவியல் துறைகள் இவர்களைத் தேடிப்போவதில்லை. பட்டம் பெற்றவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி அளித்து, ‘நான் முதல்வன்’ போன்ற திட்டத்தின் வழியே பயிற்றுநர்களாகவும், செய்முறைத் தேர்வின் புறத்தேர்வாளர்களாகவும் நியமிக்கலாம். சேவை மனப்பான்மையுடன் வந்து உதவுங்கள் என்று அழைப்பதில் எனக்கு விருப்பமில்லை. மற்றத் தேர்வாளர்களுக்குப் பல்கலைக்கழகம் வழங்கும் அதே மதிப்பூதியமும் பயணப்படியும் இவர்களுக்கும் தரப்பட வேண்டும்; அந்த ஊதியத்தைக் கோரும் படிவத்தை இவர்களே நிரப்ப முடிகிறதா என்பதைப் பல்கலைக்கழகங்கள் முதலில் சோதித்துக்கொள்ளட்டும்.